அது நாற்காலிப் படிப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கல்விப் பக்கத்தின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு மாணவி, இயந்திரவியல் முடித்துவிட்டு மேற்படிப்பாக மனிதக் காரணிகள் பொறியியல் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். வந்த பதில் நான்கே வரி. வசதியான நாற்காலி, மேசை, வாகன இருக்கை வடிவமைக்கும் துறை, கணிதம் அதிகம் இருக்காது, கற்பனை வளம் உள்ளவர்களுக்கு ஏற்றது என்று முடித்துவிட்டீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் கொஞ்சம் கோபமும் வந்தது, ஏனென்றால் நானும் இயந்திரவியல்தான், நானும் இதே மாதிரி நான்கு வரியை நம்பித்தான் அந்தப் படிப்பில் போய்ச் சேர்ந்தேன், முதல் செமஸ்டரில் புள்ளியியல் தாளைத் தாண்டுவதற்கே நாக்குத் தள்ளிவிட்டது. அந்த மாணவிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், இடம் இருக்கும்வரை போடுங்கள்.

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. மனிதக் காரணிகள் என்றால் ஏதோ மனிதவளத் துறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் உறவினர் ஒருவர் இன்றுவரை நான் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனிதர்களின் உடலுக்கும் மனதுக்கும் ஏற்றாற்போல் கருவிகளையும் வேலையையும் அமைக்கிற துறை இது. ஹியூமன் ஃபேக்டர்ஸ், எர்கோனாமிக்ஸ் இரண்டும் இன்று ஏறக்குறைய ஒன்றுதான். எர்கோனாமிக்ஸ் என்ற சொல்லை 1857-லேயே யஸ்ட்ரெம்போவ்ஸ்கி என்ற போலந்து அறிஞர் எழுதிவிட்டார், ஆனால் தனித் துறையாக அது எழுந்து நின்றது இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். பிரிட்டனில் 1949-லும் அமெரிக்காவில் 1957-லும் அதற்கென்று சங்கங்கள் வந்தன. இந்த வரலாறு மாணவர்களுக்கு எதற்கு என்றால், ஒரே படிப்பு ஓரிடத்தில் தொழிலகப் பொறியியல் துறையிலும், இன்னோரிடத்தில் உளவியல் துறையிலும், வேறோரிடத்தில் வடிவமைப்புப் பள்ளியிலும் ஒளிந்துகொண்டிருக்கும். பட்டத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி கண்ணில் படாது.

நாற்காலி இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, ஒரு மூலையில். அந்த மூலையும் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் விமானிகள் 4,063 பேரின் உடல் அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். உயரம், மார்புச் சுற்று, கை நீளம் என்று பத்து அளவுகள். ஒவ்வொன்றிலும் நடுவில் வருகிற 30 சதவீதத்தினரைச் சராசரி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு, பத்திலும் சராசரியாக இருக்கிற விமானி எத்தனை பேர் என்று தேடினார். ஒருவர்கூட இல்லை. சராசரி ஆளுக்கென்று விமானி அறை செய்தால் அது யாருக்கும் பொருந்தாத அறையாகத்தான் இருக்கும் என்பது அதிலிருந்து தெரிந்தது, இருக்கையை முன்னே பின்னே நகர்த்துகிற வசதியின் பின்னால் இந்த மாதிரி கணக்குதான் இருக்கிறது. குள்ளமானவருக்குக் கையும் குட்டையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஓர் அளவில் ஐந்தாவது சதமானத்தில், அதாவது நூறு பேரில் ஐந்து பேர்தான் தன்னைவிடக் குறைவு என்ற இடத்தில், இருப்பவர் இன்னொன்றில் ஐம்பதில் இருப்பார். இதைக் கையாளக் கணிதம் வேண்டாமா? தூக்கும் சுமைக்கு ஒரு சமன்பாடு இருக்கிறது, அமெரிக்காவின் தொழில்வழி உடல்நல நிறுவனம் 1991-ல் திருத்தி வெளியிட்டது, எல்லாம் சாதகமாக இருந்தால் 23 கிலோ என்று தொடங்கும். கணுக்கால்களின் நடுவிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் பெட்டியைப் பிடித்தால் அந்த 23 அப்படியே நிற்கும்; 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் பாதியாகக் குறைந்துவிடும். உடம்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால், பிடி சரியில்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கி, ஒவ்வொன்றும் அந்த எண்ணைக் கீழே இழுக்கும்.

சரி, இதெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். என்னை அந்தப் படிப்பு மாற்றிய இடம் வேறு.

இரண்டாம் செமஸ்டரில் எங்களை ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நரம்பு வழியாக மருந்தை அளவாக ஏற்றுகிற இன்ஃபியூஷன் பம்ப் இருக்கிறதே, அதைச் செவிலியர்கள் எப்படி இயக்குகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். எதையும் தொடக் கூடாது, யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது, சும்மா நின்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு நாள் கால் வலித்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மூன்றாவது நாள் ஒரு பம்ப்பின் பொத்தான் ஒன்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். ஒட்டியிருந்த விதம்தான் விசித்திரம்: வெறுமனே மூடவில்லை, நுனியை இரண்டு மடிப்பு மடித்து, விரல் பட்டால் தட்டுப்படுகிற மாதிரி ஒரு விளிம்பு செய்திருந்தார்கள். அது, போட்ட எண்களையெல்லாம் அழித்துவிடுகிற பொத்தான். அதற்கு ஒட்டினாற்போல், அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில், மருந்து ஏற்றத் தொடங்குகிற பொத்தான். யார் ஒட்டியது என்று கேட்டேன். "நான்தான். கையுறை போட்டா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு தம்பி, ராத்திரி லைட்டை வேற குறைச்சிடுவாங்க" என்றார் அந்த சிஸ்டர், கேட்டதற்கே ஏதோ மாட்டிக்கொண்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? "ஊழியர் சாதனத்தை அனுமதியின்றி மாற்றியுள்ளார். பொத்தான்களைத் தவறாக அழுத்தும் பிழை காணப்படுகிறது. பயிற்சி தேவை." நான்கு வருடம் பொறியியல் படித்தவனுக்கு வேறு எப்படி எழுத வரும், இயந்திரம் சரியாக இருக்கிறது, ஆள்தான் சரியில்லை என்றுதான் கை தானாக எழுதும். பேராசிரியை அந்த அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது "பயிற்சி தேவை" என்பதைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "யாருக்கு?" மதிப்பெண்கூடப் போடவில்லை.

அடுத்த வகுப்பில் அவர் சொன்னது ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் கதை. போர்க் காலம், பி-17 குண்டுவீச்சு விமானங்கள். பத்திரமாகத் தரையிறங்கி ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானிகள் சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுகிறார்கள், விமானம் வயிற்றால் தரையைத் தேய்க்கிறது. விமானித் தவறு என்று கோப்பு மூடப்பட்டது. உளவியலாளரான சபானிஸ் போய் அறைக்குள் பார்த்தார். இறக்கையின் பின்னோரத்தில் இறங்கி ஏறும் மடிப்புக்கான (ஃப்ளாப்) விசையும் சக்கரத்துக்கான விசையும் அக்கம்பக்கத்தில், உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். அதே காலத்து சி-47 விமானத்தில் இரண்டும் வேறு மாதிரி இருந்தன, அங்கே இந்தத் தவறு நடக்கவில்லை. அவர் சக்கர விசையின் நுனியில் ஒரு சின்ன ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது எது என்று கை சொல்லிவிடும். தவறு நின்றது. இன்றைக்கும் பயணிகள் விமானத்தின் விமானி அறைக்குள் எட்டிப் பார்த்தால் அந்த விசையின் நுனியில் சக்கர உருவம் இருக்கும், விதியே அப்படித்தான். என்னுடைய சிஸ்டர் சபானிஸ் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் அதே வேலையை ஒரு பிளாஸ்திரித் துண்டை வைத்துச் செய்து முடித்திருந்தார். நான் அதைப் பிழை என்று எழுதி வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் உங்கள் செய்திப் பக்கத்தையும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம். விபத்துச் செய்திகளில் "மனிதத் தவறே காரணம்" என்று கடைசி வரி வந்துவிடுகிறது, அத்தோடு செய்தியும் முடிந்துவிடுகிறது. நாங்கள் படித்த படிப்பு அந்த வரியில்தான் ஆரம்பிக்கிறது. 1947-ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் "விமானித் தவறு" என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி வகைப்படுத்தினார்கள். அதில் மிகப் பெரிய வகை, ஒரு விசைக்குப் பதில் இன்னொன்றைப் பிடித்தது. 460 தடவையும் விமானிகள்தான் கவனக்குறைவாக இருந்தார்களா, இல்லை விசைகள் கவனக்குறைவாக வைக்கப்பட்டிருந்தனவா?

1992 ஜனவரியில் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ஓர் ஏ320 விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். விசாரணையாளர்கள் மிகச் சாத்தியமானதாகக் கருதிய விளக்கம் இது: விமானிகள் 3.3 டிகிரி சரிவில் இறங்க நினைத்து 33 என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் கருவி வேறு முறையில் இருந்ததால் அதை நிமிடத்துக்கு 3,300 அடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டு முறைக்கும் ஒரே குமிழ், ஒரே சின்ன ஜன்னல், ஒன்றில் "-3.3", இன்னொன்றில் "-33". நடுவே ஒரு புள்ளிதான் வித்தியாசம். பிற்பாடு அந்தக் காட்டியில் நான்கு இலக்கமும் தெரிகிற மாதிரி மாற்றினார்கள். 1979-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்திலும் இதே வகைக் கதைதான், வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பிய விளக்கு உண்மையில் மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும்தான் காட்டியது, வால்வு திறந்தேதான் கிடந்தது.

புள்ளியியலுக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் அந்த மாணவி என்னைத்தான் திட்டுவார். எஃகுத் துண்டை இழுத்து முறித்துப் பழகியவர்கள் நாங்கள். முதல் துண்டு முறிந்ததைப் பார்த்து இரண்டாவது துண்டு பாடம் கற்றுக்கொள்ளாது, பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்று கூச்சப்படாது. மனிதர்கள் இதெல்லாம் செய்வார்கள். இரண்டு திரை வடிவங்களில் எது நல்லது என்று பன்னிரண்டு பேரை வைத்துப் பார்க்கிறோம் என்று வையுங்கள். எல்லோருக்கும் முதலாவதை முதலில் கொடுத்தால் இரண்டாவதற்குப் போகும்போது அவர்கள் தேர்ந்துவிட்டிருப்பார்கள், அது ஜெயித்துவிடும், நீங்கள் அளந்தது வடிவத்தை அல்ல, பழக்கத்தை. அதனால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும், நான்கு வடிவங்கள் என்றால் ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு இடத்திலும் சமமாக வருகிற மாதிரி லத்தீன் சதுரம் என்ற கட்டம் போட்டு வரிசை அமைக்க வேண்டும். ரொம்ப நேரம் உட்கார வைத்தால் இன்னொரு தொல்லை. 1948-ல் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர், ரேடார் பார்ப்பவர்களை மனதில் வைத்து ஒரு கடிகாரச் சோதனை செய்தார், முள் ஒவ்வொரு தத்தாகப் போகும், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தத்தாகத் தாவும், அதைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிப்பது சரிந்தது. ஆக, உங்கள் இரண்டு மணி நேரச் சோதனையின் கடைசிப் பகுதியில் கிடைத்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று யோசிக்க வேண்டும். அப்புறம் இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி, ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கையெழுத்து, நடுவில் எழுந்து போகலாம் என்ற உரிமை. பொறியியல் மாணவர்கள் இந்த இடத்தில் ரொம்ப அலுத்துக்கொள்வார்கள், நானும்தான் அலுத்துக்கொண்டேன், அனுமதி வரவே ஆறு வாரம் ஆனது.

ஆனால் லேபில் ஒரு நாள் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஃபிட்ஸ் 1954-ல் செய்த சோதனையை நாங்கள் திரும்பச் செய்தோம்: இரண்டு உலோகத் தகடு, கையில் ஒரு குச்சி, முடிந்த வேகத்தில் மாறி மாறித் தொட வேண்டும். தகடுகளைத் தள்ளித் தள்ளி வைக்கிறோம், பிறகு தகட்டைக் குறுக்குகிறோம், ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறிக்கிறோம். தூரம் இரண்டு மடங்கானாலும் சரி, தகட்டின் அகலம் பாதியானாலும் சரி, கடினத்தின் அளவு சரியாக ஒரு பிட் (தகவலை அளக்கிற அலகு) கூடும் என்கிறது அவர் பெயரிலான விதி. என் கை, என் சோம்பல், என் வியர்வை, எல்லாம் சேர்த்து வந்த எண்களை வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் வரிசை கட்டி ஒரு நேர்கோட்டில் உட்காருகின்றன. போன் திரையில் பொத்தான் எவ்வளவு பெரிதாக, கட்டைவிரலுக்கு எவ்வளவு அருகே இருக்க வேண்டும் என்ற விவாதம் எங்கே நடந்தாலும் அந்த நேர்கோடுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

வகுப்பில் இரண்டு வகை மாணவர்கள் இருப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உளவியலிலிருந்து வந்தவர்களுக்குத் திருப்புவிசைக் கணக்கைக் கண்டால் காய்ச்சல் வரும், எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஆளிடம் போய் "இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் முடியாது, பாதியில் "அப்படிச் செய்யாதீர்கள்" என்று குறுக்கே விழுவோம். செவிலியர் பணியிலிருந்து ஒருவர் எங்களோடு படித்தார், எங்கள் எல்லோரையும் விட அவர்தான் நன்றாகச் செய்தார்.

எங்கே சேருவது என்று கேட்டால் நான் ஊர் பெயரோ கல்லூரிப் பெயரோ சொல்லப் போவதில்லை, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வேன். விளம்பரக் கையேட்டில் கண்ணசைவைப் பதிவு செய்யும் கண்ணாடியும் ஓட்டுநர் சிமுலேட்டரும் படமாக இருக்கும். அவற்றைப் போன வருடம் எந்த மாணவர், எந்த ஆய்வேட்டுக்குப் பயன்படுத்தினார் என்று கேளுங்கள், பதில் வரத் தாமதமானால் அவை தூசி படிந்து கிடக்கின்றன என்று அர்த்தம். பழைய ஆய்வேடுகளின் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதே துறை மாணவர்களாகவே இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். புள்ளியியலும் சோதனை அமைப்பும் விருப்பப் பாடமாக வைத்திருக்கிற இடத்தை விட்டுவிடலாம். வெளியே ஆலையிலோ மருத்துவமனையிலோ கட்டுப்பாட்டு அறையிலோ போய் நின்று பார்க்கிற வேலை பாடத்திட்டத்தில் இல்லை என்றால் கண்டிப்பாக விட்டுவிடுங்கள். இன்னொன்று, இது என் தனிப்பட்ட எரிச்சல்: எந்தச் சோதனை முடிந்தாலும் நாசாவின் பணிச்சுமைப் படிவத்தை நீட்டிவிடுகிற பழக்கம். 1988-ல் வந்த நல்ல கருவிதான், மனச் சுமை, உடல் சுமை, நேர நெருக்கடி, செய்த திருப்தி, முயற்சி, எரிச்சல் என்று ஆறு அளவு இருக்கிறது. ஆனால் அந்த ஆறு எண்ணும் வந்துவிட்டால் ஆளைக் கவனிக்கவே வேண்டியதில்லை என்று நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களிடம் மாட்டிக்கொண்டால் இரண்டு வருடமும் படிவம் நீட்டியே போய்விடும்.

வேலை இருக்கிறதா என்றும் அந்த மாணவி கேட்டிருந்தார், நீங்கள் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தீர்கள். விமானம், ரயில், அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறை, வாகனம், மென்பொருள் எல்லாவற்றிலும் இருக்கிறது, பதவிப் பெயர்தான் ஒவ்வோரிடத்தில் ஒவ்வொன்று, மென்பொருளில் யுஎக்ஸ் (பயனர் அனுபவ) ஆய்வாளர் என்பார்கள். மருத்துவக் கருவிகளில் இது சட்டத்தோடு ஒட்டிய வேலை: தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்து விளைவிக்கக்கூடிய கருவி என்றால், ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேரை வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்துகிற எஃப்டிஏ 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எல்லாவற்றையும் கணினியே ஓட்டப் போகிறதே, இனி இந்தத் துறை எதற்கு என்று கேட்பவர்களுக்கு லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-லேயே ஒரு கட்டுரையில் பதில் எழுதிவிட்டார்: சுலபமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும், கஷ்டமானது மனிதரிடம் மிஞ்சும், அதுவும் பழக்கம் விட்டுப்போன மனிதரிடம். தானே ஓடுகிற கார் திடீரென்று "நீ பிடி" என்று ஸ்டியரிங்கைக் கொடுக்கிற அந்தச் சில விநாடிகளை நினைத்துப் பாருங்கள்.

அந்த மாணவிக்கு ஒரு வேலை சொல்கிறேன், விண்ணப்பம் போடுவதற்கு முன் செய்யட்டும். மக்கள் வரிசையில் நின்று பயன்படுத்துகிற ஏதாவது ஒரு இயந்திரம், டிக்கெட் கொடுப்பதோ பணம் கொடுப்பதோ எதுவானாலும் சரி, அதற்கு நான்கடி தள்ளி ஒரு மணி நேரம் நிற்கட்டும், திரையில் அவர்கள் போடுகிற ரகசிய எண்ணைப் பார்க்காமல், விரல் எங்கே தயங்குகிறது, யார் திரும்பி அடுத்தவரைப் பார்க்கிறார், எந்த இடத்தில் எல்லோரும் ஒரே மாதிரி சலித்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதட்டும். உதவி செய்யக் கூடாது, அதுதான் கஷ்டம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை என்றால் தைரியமாக விண்ணப்பிக்கலாம். இருபதாவது நிமிடத்திலேயே "இவர்களுக்கு இதுகூடவா தெரியாது" என்று தோன்றினால், தோன்றியதையும் அதே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் இன்னொரு தடவை போய் நின்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அந்த நான்கு வரியை நம்பிச் சேர்ந்த பழைய மாணவன்